சட்டம் மௌனித்தால் மக்கள் பேசுக!

ஆனையிறவு உப்பு விளையும் மண். ஆயினும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சினால் குருதியமுக்கம் ஏறும். சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு அது பெருங்கேடு.

1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட காரணந்தெரியாச் சிறுநீரக நோய் வவுனியாவையும் பற்றிற்று. காரணத்தை ஆராய்க, வேண்டாமென்பாரில்லை. ஆனால், அதுவரை நோயாளர் காத்திருப்பதா?

பெருத்த இடுப்பு, உயர் குருதியமுக்கம், மிகுந்த சர்க்கரை, மிகுந்த இரத்தக் கொழுப்பு, குறைந்த நற்கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று சேரின், சிறுநீரக நோயாளரை இதயநோயும் நெருங்கும். வன்னியின் ஒவ்வொரு சிகிச்சை நிலையத்திலும் இவ்வைந்தும் அளந்து பதியப்படல் வேண்டும். தமிழில் அறிவுரை வழங்கப்படல் வேண்டும்.

1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் சுகாதாரம் இடம்பெறவில்லை. ஆதலின் கேளாதார்க்குக் கிட்டாது. கேட்போம்!