விரிசல் கண்ட என்ஜின் பிளாக்: எடைக்குப் போடுவதா, பற்றவைப்பதா?

ஆயில் என்ஜினின் பிளாக்கில் விரிசல் கண்டுவிட்டால் நமது விவசாயிகளில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் இனி இது தேறாது என்று பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள், பயிர் காய்கிறதே என்ற அவசரத்தில், கேட்டும் கிரில்லும் செய்யும் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து அன்று மாலையே பற்றவைத்து வாங்கி வந்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம் தரும் வழிகள். முறையாகப் பழுது பார்த்தால் பிளாக் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். முறை தவறினால், தேறக்கூடிய பிளாக்கும் எடைக்குத்தான் போகும்.

இதற்குக் காரணம் இரும்பின் குணம். கேட் செய்யும் இரும்பில் கரிச்சத்து சுமார் கால் சதவீதமே இருக்கும். பிளாக் செய்யப்படும் வார்ப்பிரும்பிலோ 2.5 முதல் 4 சதவீதம் வரை உண்டு. அதில் பெரும்பகுதி மெல்லிய செதில்களாகப் பரவியிருப்பதால் வார்ப்பிரும்பு அதிர்வைத் தாங்கும். கடைசல் பிடிக்கவும் எளிது. ஆனால் வளைந்து கொடுக்காது. வெல்டிங் சூட்டில் உருகிய இடம் சட்டென்று ஆறினால், கரி செதிலாகப் பிரிய நேரமின்றி இரும்போடு சேர்ந்து, அந்த இடம் கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்கும் தன்மை அடைகிறது. மேலும், சூடான பகுதி சுருங்கும்போது சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு இடம் கொடுப்பதில்லை. எனவே பற்றவைத்த ஓரத்திலேயே புது விரிசல் ஓடுகிறது.

விரிசல் எந்த இடத்தில் உள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓடும் அறையின் வெளிச்சுவர், என்ஜினின் கால்கள், கனெக்டிங் ராடு உடைந்து துளைத்த பக்கவாட்டு ஓட்டை ஆகியவை பற்றவைப்புக்கு ஏற்றவை. சிலிண்டரின் உட்சுவரில் விரிசல் இருந்தால் போரிங் செய்து ஸ்லீவ் இறக்குவது நல்லது. கிராங்க் ஷாப்டைத் தாங்கும் மெயின் பேரிங் இருக்கையே பிளந்திருந்தால் அதற்குப் பணம் செலவிட வேண்டாம்.

விரிசலின் முழு நீளம் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடியைப் பூசுங்கள். விரிசலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். அதன் இரு முனைகளிலும் சுமார் 3 மில்லிமீட்டர் துளையிட்டால் விரிசல் மேலும் ஓடாது. பிறகு விரிசலை 'வி' வடிவில் வெட்டி, இரும்பில் ஊறிய எண்ணெயைச் சூடுகாட்டி எரித்து அகற்ற வேண்டும்.

பற்றவைப்பதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, பிளாக் முழுவதையும் கரி அடுப்பில் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சீராகச் சூடேற்றிப் பற்றவைத்து, உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுவது. மற்றொன்று, நிக்கல் ராடைக் கொண்டு ஒரு தடவைக்கு ஓர் அங்குலம் மட்டும் பற்றவைத்து, சூடு இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு அடுத்த அங்குலத்தைத் தொடங்குவது. இரண்டுக்குமே நேரம் வேண்டும். நிக்கல் ராடு விலை கூடியதுதான். ஆனால் சாதாரண ராடு வைத்த இடம் கடினமாகிவிடுவதால் பின்னர் துளையிடவோ கடையவோ முடியாமல் போகும்.

பற்றவைத்ததோடு வேலை முடிந்துவிடாது. சூட்டில் பிளாக்கின் மேல்தளம் சற்றேனும் வளைந்திருக்கும். நேர்க்கோலை வைத்துச் சரிபார்த்து மெஷினில் மட்டம் செய்யாவிட்டால் ஹெட் கேஸ்கட் மீண்டும் மீண்டும் போகும். சிலிண்டர் வட்டம் மாறியிருக்கிறதா என்றும் அளக்க வேண்டும். கடைசியாகத் தண்ணீர் அறையின் வாய்களை அடைத்து, அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிக் கசிவு பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை நேரில் பார்த்த பிறகே முழுக் கூலியையும் கொடுங்கள்.

கவனமாக வேலை செய்பவர் இரண்டு மூன்று நாள் தவணை கேட்பார். கூலியும் கூடுதலாகக் கேட்பார். நாம் அவரை விட்டுவிட்டு, உடனே தருகிறேன் என்பவரிடம் போகிறோம். அந்த இரண்டு நாளுக்கு வாடகைக்கு ஓர் என்ஜின் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சுவது, பிளாக்கையே இழப்பதைவிட மலிவு. அதேசமயம், மொத்தப் பழுதுச் செலவு புது பிளாக்கின் விலையில் பாதியைத் தாண்டுமானால் புதிதாக வாங்குவதே மேல் என்பது என் கருத்து. உதிரி கிடைக்காத பழைய என்ஜினுக்கு மட்டும் இந்தக் கணக்கைச் சற்றுத் தளர்த்தலாம்.

பழியை விவசாயி மீது மட்டும் போடுவதும் நியாயமல்ல. வார்ப்பிரும்பு வேலை தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்பதே பல கிராமங்களில் தெரியாது. தொழிற்பயிற்சி நிலையங்களும் வேளாண்மைப் பொறியியல் துறையும் சேர்ந்து, கிராமப்புற வெல்டர்களுக்கு இந்த வேலையில் தனிப் பயிற்சி அளிக்க வேண்டும். ஒன்றியத்துக்கு இருவர் தேறினாலும் பல சிறு விவசாயிகளின் என்ஜின்கள் காப்பாற்றப்படும்.

விரிசல் வந்த காரணத்தை நீக்காமல் பிளாக்கைப் பழுது பார்ப்பதில் பயனில்லை. தண்ணீரின்றி ஓடிக் கொதித்த என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதால் பிளாக்குகள் வெடிக்கின்றன. என்ஜினை நிறுத்தி, தானாக ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். என்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். அந்த நிலையிலும் ஓட்டினால் பேரிங்கும் கிராங்க் ஷாப்டும் சேர்ந்து போய்விடும்.