ஈர்ப்புவிசை குவாண்டமா? கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை!

"ஈர்ப்புவிசையும் குவாண்டம்தான், அதில் என்ன சந்தேகம்?" என்று அடித்துச் சொல்பவர்கள் ஏராளம். மின்காந்த விசை, வலிய விசை, மெலிய விசை மூன்றும் குவாண்டம் விதிப்படி நடக்கின்றனவாம், நாலாவது மட்டும் எப்படித் தப்புமாம்! மூன்று கிளைகளின் கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்காக, நாலாவது கிளையின் பேரேட்டைத் திறக்காமலேயே கையெழுத்துப் போடும் ஆடிட்டரை யாராவது நம்புவார்களா?

சரி, கையிலிருக்கும் ஆதாரம் என்ன? ஐன்ஸ்டைனின் 1915 பொதுச் சார்பியல் முழுக்க முழுக்க கிளாசிக்கல். 2015-ல் லைகோ பிடித்த ஈர்ப்பு அலைகளும் அதோடு ஒத்துப்போகின்றன. 1975-ல் நடந்த நியூட்ரான் சோதனை, பூமியின் ஈர்ப்பு ஒரு குவாண்டம் துகளைப் பாதிக்கிறது என்றுதான் காட்டியது. ஈர்ப்பே குவாண்டம் என்று அல்ல! தனியொரு கிராவிட்டானை இதுவரை யாரும் பிடித்ததில்லை. பிடிக்கவே முடியாமல் போகலாம் என்று வாதிட்டவர் ஃப்ரீமன் டைசன்.

குவாண்டம் கட்சிக்கு நல்ல வக்கீலும் உண்டு. 1957-ல் சாப்பல் ஹில் மாநாட்டில் ஃபைன்மன் எழுப்பிய கேள்வி அது: ஒரு நிறையை இரண்டு இடங்களிலும் ஒருசேர இருக்கும் குவாண்டம் நிலையில் வைத்தால், அதன் ஈர்ப்பு என்ன ஆகும்? ஈர்ப்பு கிளாசிக்கல் என்றால் முரண்பாடு வராதா?

வந்தே ஆகவேண்டும் என்றில்லை. ஈர்ப்பு கிளாசிக்கலாகவே இருந்து, கொஞ்சம் தற்செயல் ஆட்டமும் சேர்ந்தால் முரண்பாடு இல்லாமல் சமாளிக்கலாம் என்று 2023-ல் ஜொனாதன் ஓப்பன்ஹைம் எழுதிக் காட்டினார். அவர் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். ரொவெல்லியும் பெனிங்டனும் அவரோடு 5000-க்கு 1 என்று பந்தயமே கட்டியிருக்கிறார்கள். ஆனால் பந்தயம் வேறு, தீர்ப்பு வேறு.

தீர்ப்புக்கு வழி இருக்கிறது. 2017-ல் இரண்டு குழுக்கள் முன்வைத்த யோசனை இது: இரண்டு குட்டி நிறைகளைக் குவாண்டம் நிலையில் வைத்து, ஈர்ப்பால் மட்டும் ஒன்றையொன்று தொடவிட வேண்டும். இரண்டுக்கும் குவாண்டம் பின்னல் உண்டானால் கிளாசிக்கல் கட்சிக்குப் பலத்த அடி. 2021-ல் வியன்னாவில் வெறும் 90 மில்லிகிராம் தங்க உருண்டையின் ஈர்ப்பை அளந்துவிட்டார்கள். ஆனால் அந்த உருண்டை குவாண்டம் நிலையில் இல்லை. அந்த இடைவெளி மிகப் பெரியது.

குவாண்டம் கட்சியே கடைசியில் ஜெயிக்கலாம். ஜெயித்த பிறகு மாலை போடட்டும். வாக்கு எண்ணும் முன்பே பட்டாசு வெடிப்பதற்குப் பெயர் அறிவியல் இல்லை மக்களே!