துணைத்தலைவர் யார் என்று முதலில் சொல்லுங்கள்

2020 ஆகஸ்ட் 11 அன்று ஜோ பைடன், தன்னோடு துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடப் போகிறவர் கமலா ஹாரிஸ் என்று அறிவித்தார். அடுத்த சில நாட்களில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் துளசேந்திரபுரத்தில் அவருக்குப் பேனர் வைத்தார்கள். அவருடைய தாத்தாவின் பூர்வீக ஊர் அது. கோவிலில் பூசை நடந்தது, தொலைக்காட்சிகள் போய் நின்றன. 2025 செப்டம்பரில் திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் ‘தமிழர் ஒருவர்’ என்ற பெருமிதம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. வாஷிங்டனிலும் டெல்லியிலும் துணைத்தலைவர் யார் என்பது நமக்குத் தெரிகிறது. நம் ஊராட்சியின் துணைத்தலைவர் யார், அவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார் என்று கேட்டால், படித்த தோழர்களிலேயே பலருக்குப் பதில் தெரிவதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வேண்டுகோள். ஏனென்றால், தமிழ்நாட்டில் தனி ஊராட்சிகளின் தலையெழுத்தைப் பல நேரங்களில் தீர்மானிப்பது தலைவர் பதவி அல்ல, துணைத்தலைவர் பதவிதான்.

அமெரிக்காவில் ‘ரன்னிங் மேட்’ என்றால் அதிபர் வேட்பாளர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் துணை. இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. தொடக்கத்தில் அங்கும் அப்படி இல்லை. அதிக வாக்கு வாங்கியவர் அதிபர், அடுத்த இடத்தில் வந்தவர் துணை அதிபர் என்று இருந்தது. 1796 தேர்தலில் ஜான் ஆடம்ஸ் அதிபரானார். அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெஃபர்சன் துணை அதிபரானார். எதிராளியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆட்சி நடத்த முடியாது என்பது சில ஆண்டுகளிலேயே புரிந்துபோய், 1804-இல் அரசமைப்பைத் திருத்தினார்கள்.

நம் ஊராட்சிகள் இன்னும் 1796-இல்தான் இருக்கின்றன. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னமும் கிடையாது. தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. அதோடு, ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம்.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு தனி ஊராட்சியில் ஒன்பது வார்டுகள், அதில் மூன்று தனி வார்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறு வார்டுகளில் ஆதிக்கச் சாதியினர் ஜெயித்தால், துணைத்தலைவர் யார் என்பது அன்றைக்கே முடிந்துபோன விஷயம். தலித் தலைவர் ஐந்நூறு வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தாலும், தெருவிளக்குக்கு பல்பு வாங்க அந்தத் துணைத்தலைவரின் கையெழுத்து வேண்டும்.

ஆய்வுக்காகக் கரிசல் வட்டாரத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் அந்த ஊர்களில்தான் வாழ்ந்தாக வேண்டும். அவர்கள் சொன்னதில் பொதுவாக இருந்த ஒன்று காத்திருப்பு. கையெழுத்து வாங்கத் துணைத்தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் தோட்டத்துக்குப் போயிருப்பார், சம்பந்தி வீட்டுக்குப் போயிருப்பார், நாளைக்கு வா என்பார். மறுக்கிறேன் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். மறுத்தால் புகார் கொடுக்கலாம். தாமதத்தை எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது? இதற்கிடையில் தூய்மைப் பணியாளர்கள் சம்பளத்துக்குத் தலைவரிடம்தான் வந்து நிற்கிறார்கள். மோட்டார் பழுதாகித் தண்ணீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவதும் தலைவர்தான். கடைசியில் ‘நம்ம ஆளு வந்தும் ஒண்ணும் நடக்கல’ என்று தலைவரின் சொந்தத் தெருவே பேசத் தொடங்குகிறது. கத்தி எடுக்காமலே ஒரு தலைவரை முடித்துவிட இது போதும்.

இது நிர்வாகக் கோளாறு அல்ல, ஏற்பாடு. பல தனி ஊராட்சிகளில் தேர்தல் அறிவித்ததும் ஊர்க்கூட்டம் முதலில் முடிவு செய்வது துணைத்தலைவர் யார் என்பதைத்தான். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒத்துவரக்கூடிய ஒரு தலைவரைத் தேடுகிறார்கள். அவரிடம் பண்ணையில் வேலை செய்பவரா, கடன் வாங்கியவரா, பேசாதவரா என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் துணையைத் தேர்ந்தெடுக்கிறார். இங்கே துணை, தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. நாம் ‘பொம்மைத் தலைவர்’ என்று ஏளனமாகச் சொல்லும்போது பொம்மையைத்தான் பார்க்கிறோம். நூலைப் பிடித்திருக்கும் கைக்குச் சட்டமே ஒரு பதவியும் பேனாவும் கொடுத்திருப்பதைப் பார்ப்பதில்லை.

ஒத்துவராத தலைவர்களுக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாததல்ல. இளையரசனேந்தல் பிர்காவைச் சேர்ந்த நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர் ஜக்கையன், அருந்ததியர். 2006 உள்ளாட்சித் தேர்தல் முடிந்த அடுத்த மாதமே, நவம்பரில், கொல்லப்பட்டார். ஆட்டுவித்தபடி ஆட மறுத்ததே காரணம் என்று அன்றைக்குப் பேசப்பட்டது. தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு, உடல் முழுக்கக் காயங்களோடு உயிர் பிழைத்தார். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கும் படம் 2020 அக்டோபரில் வெளியானது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் துணைத்தலைவரும் ஒருவர். ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2022 சுதந்திர தினத்துக்கு முன், பட்டியல் சாதித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. கொடிக்கயிற்றுக்கே இந்த நிலை என்றால் காசோலைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மேலவளவை நினைத்துப் பார்க்கிறேன். 1997 ஜூன் 30 அன்று முருகேசனோடு ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் மூக்கன். அவர்தான் ஊராட்சியின் துணைத்தலைவர். தலைவரும் துணைத்தலைவரும் ஒரே பக்கம் நின்ற ஊராட்சி அது. ஒரு தலைவருக்குத் துணை என்ற சொல்லின் முழு அர்த்தத்தில் துணை கிடைத்த அரிய இடங்களில் ஒன்று. அந்த அலுவலகத்தை நடத்தவிடக் கூடாது என்பதற்கு இருவரையும் கொல்ல வேண்டியிருந்தது. மற்ற ஊர்களில் அந்தச் சிரமம் இல்லை. துணைத்தலைவரைத் தங்கள் ஆளாக வைத்துக்கொண்டால் போதும்.

‘தலைவர் எஸ்.சி., துணைத்தலைவர் நம்மவர், ஊர் சமமாக இருக்கிறது’ என்று ஒரு நியாயம் சொல்வார்கள். சமநிலை என்ற இந்தச் சொல்லை நாம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் துணையைத் தேர்ந்தெடுக்கும்போது சமநிலைதான் பேசுகிறார்கள். 1864-இல் ஆபிரகாம் லிங்கனுக்குத் துணையாக, சமநிலைக்காகத் தெற்கு மாநிலத்தவரான ஆண்ட்ரூ ஜான்சன் நிறுத்தப்பட்டார். அடிமைகளை வைத்திருந்தவர் அவர். 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டதும் ஜான்சன் அதிபரானார். விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தரும் 1866 சட்டத்தைத் தடுக்கத் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தினார்; நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்ற வேண்டியிருந்தது. கறுப்பின மக்கள் உழத் தொடங்கியிருந்த நிலங்கள் பழைய உடைமையாளர்களிடமே திரும்பிப் போயின. அந்தச் சமநிலைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பது வரலாறு.

நம் ஊர்ச் சமநிலைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஒரு பக்கமாக மட்டுமே சாய்கிறது. பொது ஊராட்சியில் தலைவர் ஆதிக்கச் சாதிக்காரராக இருக்கும்போது, சமநிலைக்காக ஒரு தலித் உறுப்பினரைத் துணைத்தலைவராக்குவோம் என்று எந்த ஊர்க்கூட்டமும் முடிவெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தலைவர் நாற்காலியில் தலித் உட்காரும்போது மட்டும்தான் சமநிலை நினைவுக்கு வருகிறது.

இளையரசனேந்தல் பகுதித் தலைவர்களுக்கு இன்னொரு சுமையும் கூடுதலாக இருந்தது. சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த இந்தப் பிர்காவைக் கோவில்பட்டி தாலுகாவோடு சேர்த்தார்கள். ஆனால் 12 ஊராட்சிகளும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே விடப்பட்டன. வருவாய்த்துறைக்குத் தூத்துக்குடி மாவட்டம், ஊராட்சிக்குத் தென்காசி மாவட்டம் என்று இருந்தது. கோவில்பட்டி ஒன்றியத்தோடு சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகளாக மக்கள் போராடினார்கள். புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்றால் ஓர் ஆட்சியரிடமும், துணைத்தலைவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் வேறோர் ஆட்சியரிடமும் போக வேண்டியிருந்தது. பஸ் பிடித்து இரண்டு பக்கமும் அலைய வசதி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அலையவைப்பதும் ஓர் அதிகாரம்தான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, கையெழுத்து. தனி ஊராட்சிகளில் இணைக் கையெழுத்துப் போடுபவரை வார்டு உறுப்பினர்களிலிருந்து தலைவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவருக்குத் தன் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பதில் ஜனநாயகத்துக்கு விரோதமாக எதுவும் இல்லை. கையெழுத்துப் போட மறுப்பவர் ஏழு நாளுக்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த உரிமை வேறொரு உறுப்பினருக்குப் போய்விடும் என்று விதி வரட்டும்.

இரண்டாவது, துணைத்தலைவர் பதவிக்கும் இடஒதுக்கீடு. அரசமைப்பின் 243டி பிரிவு தலைவர் பதவிகளைப் பற்றித்தான் பேசுகிறது; துணைத்தலைவர் பற்றிச் சொல்லவில்லை. அதற்காக மாநிலங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கர்நாடகம் தன் 1993 சட்டத்தில் கிராமப் பஞ்சாயத்தின் தலைவர், துணைத்தலைவர் இரண்டு பதவிகளுக்குமே இடஒதுக்கீடு வைத்திருக்கிறது. ஒரே ஊரில் இரண்டும் ஒதுக்கப்பட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மாநிலத்தில் முடிந்தது சமூகநீதி மண்ணில் ஏன் முடியாது என்று கேட்கலாம் அல்லவா?

இரண்டு கையெழுத்து இருந்தால்தான் ஊழல் குறையும் என்பது நியாயமான மறுப்பு. தலைவரே ஆளைத் தேர்ந்தெடுத்தால் இருவரும் சேர்ந்து சுருட்டுவார்களே என்று கேட்பார்கள். தலித் தலைவர்கள் தவறே செய்யாதவர்கள் என்று நான் வாதாடவில்லை. கண்காணிப்பு வேண்டும், அது கிராம சபையிடம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் வரவு செலவை வரிவரியாக வாசிக்கட்டும். தணிக்கையைக் கடுமையாக்கட்டும். காரணம் சொல்லாமல் ஒரு காசோலையை மூன்று வாரம் வைத்திருப்பது கண்காணிப்பு ஆகாது. அதிகாரிகளிடமே கையெழுத்தைக் கொடுத்துவிடலாம் என்பவர்களுக்குத் தெற்குத் திட்டைச் செயலரை நினைவூட்டுகிறேன். அலுவலகத்துக்குள் நுழையும்போது யாரும் சாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் தனி ஊராட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவே 1996-இலிருந்து 2006 வரை பத்து ஆண்டுகள் ஆயின. அந்தப் போராட்டம் நாற்காலியை வாங்கிக் கொடுத்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் யார் உட்கார்கிறார் என்ற போராட்டம் மிச்சம் இருக்கிறது.

மற்ற 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. 2021 அக்டோபரில் வாக்களித்த தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த தேர்தலுக்கு முன் சட்டத்தைத் திருத்தச் சொல்லி நம் இயக்கங்கள் கேட்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலையும் உண்டு. தனி ஊராட்சியில் தலைவர் வேட்பாளருக்கு மட்டும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். பொது வார்டுகளிலும் நம்மோடு நிற்கக்கூடியவர்களை, குறிப்பாகப் பெண்களை, எந்தச் சாதியானாலும் சாதிக்கு எதிராக நிற்பவர்களை, நிறுத்துங்கள். ஒன்பதில் ஐந்து பேர் இருந்தால் துணைத்தலைவர் நம்முடையவர். வாக்கு கேட்டு வருகிறவரிடம், யார் உங்கள் துணைத்தலைவர் என்று தெருவில் நிறுத்திக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாதவரை யாரோ ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.