கொடுத்து வைத்தவர்கள் யார்?

கீழத்தஞ்சையில் ஒரு கிராமத்துத் தேநீர்க் கடையில் சென்ற மாதம் உட்கார்ந்திருந்தோம். மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய வாலிபர் ஒருவர் தமது கைப்பேசியில் கோலாலம்பூர்ப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். நகர நடுவிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் பங்சார் என்று ஒரு பகுதி. அதன் குன்றின்மேல் புக்கிட் பண்டாராயா. பெரிய பெரிய பங்களாக்கள், வாசலில் இரண்டு மூன்று கார்கள், தெருவெல்லாம் மர நிழல். ஐம்பது வருஷம் பிறத்தியார் வயலில் உழைத்த ஒரு பெரியவர் அதைப் பார்த்து, "கொடுத்து வைத்தவர்கள்! பூர்வ ஜென்மப் புண்ணியம்" என்று பெருமூச்சு விட்டார்.

நாம் கேட்கின்றோம்: யார் கொடுத்தார்கள்? எதைக் கொடுத்தார்கள்? யாரிடத்தில் வைத்தார்கள்?

அந்தக் குன்று முன்பு ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர் ஒட்டித்தான் பங்சார் ஆயிற்று என்கிறார்கள். ரப்பர் மரமும் அந்த மண்ணுடையதல்ல. பிரேசில் காட்டு விதையை 1876ல் லண்டனுக்குக் கொண்டுபோய், கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, 1877ல் 22 கன்றுகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். மரம் சாகாமல் பாலெடுக்கும் வெட்டு முறையை ரிட்லி என்ற துரை அங்கே கண்டறிந்தார். மோட்டார் வண்டி பெருகிற்று. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. பிரமன் தலையில் எழுதினான் என்கிறீர்களே, அந்த எழுத்தில் பிரேசில் விதையும் ரிட்லியின் கத்தியும் மோட்டார் டயரும் எந்த வரியில் இருந்தன?

நிற்க. மரம் வந்தது, வெட்ட ஆள் எங்கே? கங்காணி தன் சொந்த ஊருக்கே வந்து ஆசை காட்டினான். மிராசுதாரின் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் அஞ்சிய நம் பண்ணையாள் நாகப்பட்டினத்தில் கப்பலேறினான். பினாங்கை யடுத்த ஜெரெஜாக் தீவில் நோய்க்காவலில் வைத்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கூலியாட்களை இப்படி அனுப்புவதை 1938ல்தான் இந்திய சர்க்கார் நிறுத்திற்று. அங்கே விடியுமுன் பெரட்டு. வெயிலேறினால் பால் நின்றுபோகுமாகையால் இருட்டிலேயே மரத்தடிக்குப் போகவேண்டும். குடியிருக்க லயன் வீடு. துரை எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும்! இறங்கமாட்டோம் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்து 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டாளம் வந்தது, தொழிலாளர் சுடப்பட்டுச் செத்தார்கள். கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கை. துரைமார் தாராளமாய் இடம் கொடுத்த மற்றொன்றாகிய மாரியம்மன் கோயிலை மூடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அதில் நமக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.

பிறகு பட்டணம் வளர்ந்தது; தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. லயன் வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டம் விலைபோன இடங்களிலெல்லாம் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. கொடுத்தவன் பால் வெட்டினவன். வைத்துக்கொண்டவன் மனை விற்றவன். இதில் பூர்வ ஜென்மம் எங்கே வந்தது? எல்லாம் இந்த ஜென்மத்துக் கணக்குத்தானே!

நம் காவிரி நாட்டில் குன்றில்லை, ஆனால் மேடுண்டு. அக்கிரகாரமும் மிராசுதார் வீடும் மேட்டில். சேரி, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில். வெள்ளம் முதலில் குடிசைக்குள் நுழைவது வருண பகவான் பாவ புண்ணியக் கணக்குப் பார்த்தா? மேட்டிலிருப்பவன் புண்ணியவான், பள்ளத்திலிருப்பவன் பாவி என்று எழுதி வைத்தவன் எங்கே குடியிருந்தான் என்பதைக்கூட நாம் விசாரிப்பதில்லை.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொன்னோம். சற்றுப் பொறுத்து, "எங்கள் பெரியப்பாகூட மலேயாவுக்குப் போனவர்தான். ஒரே ஒரு மணியார்டர் வந்தது, அப்புறம் தகவலில்லை" என்றார். அவருக்காக ஆடி அமாவாசைதோறும் வேதாரண்யம் கடற்கரையில் புரோகிதருக்கு அரிசியும் வாழைக்காயும் தட்சணையும் கொடுத்து வருகிறாராம். பெரியப்பா எந்தத் தோட்டத்தில் மரம் வெட்டினார் என்பது வீட்டாருக்கே தெரியாது. வாழைக்காயை எந்த விலாசத்துக்கு அனுப்புகிறார் என்று வரும் ஆடியில் அந்தப் புரோகிதரைக் கேட்டுச் சொல்லும்படி பெரியவரிடம் கேட்டுக்கொண்டு எழுந்தோம்.