ஊருக்குப் போகும் வரை சர்க்கரை காத்திருக்குமா?

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்களிடையே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. உடம்புக்கு எது வந்தாலும் "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதே அது. அங்கே தெரிந்த டாக்டர் இருக்கிறார். பேச மொழி இருக்கிறது. காரணம் நியாயமானதுதான். ஆனால் நீரிழிவு விஷயத்தில் இந்தத் தாமதம் ஆபத்தானது.

சர்க்கரை வியாதி சொல்லிக்கொண்டு வருவதில்லை. வலியோ காய்ச்சலோ இல்லாமல் பல ஆண்டுகள் உடம்பில் தங்கி, கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கெடுத்துவிடக் கூடியது. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கின்றனராம். எனவே 30 வயதைக் கடந்தவர்கள் அனைவரும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். தாய் தந்தையருக்கு இந்நோய் இருந்தால் தாமதமே கூடாது.

வசதி இல்லை என்று சொல்வதற்கில்லை. தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'ஆப்லா தவாகானா' மருந்தகங்களில் பரிசோதனை இலவசம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அந்த மருந்தகங்கள் உண்டு. தனியார் லாபுக்குப் போவதானால் கட்டணத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். 'முழு உடல் பரிசோதனை' என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டியதில்லை. சர்க்கரைக்கு மட்டும் பார்த்தால் போதும். பாஷைக்கும் பயப்பட வேண்டாம். "காலி பேட் சுகர் டெஸ்ட்" என்றால் எந்த லாபிலும் புரிந்துகொள்வார்கள்.

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது. தண்ணீர் குடிக்கலாம், காலைச் சாயா கூடாது. இந்தச் சோதனையில் சர்க்கரை அளவு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று கொள்ளலாம். பட்டினி இருக்க முடியாத ஷிப்ட் தொழிலாளிக்கு எச்.பி.ஏ.1சி. சோதனை உண்டு. கடந்த 2, 3 மாதச் சராசரியைக் காட்டும் அதில் 6.5 சதவீதம் எல்லைக்கோடு. அறிகுறி ஏதுமின்றி அளவு கூடியிருந்தால், இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வது முறை. தெருமுனை முகாமில் விரல் நுனியில் குத்திப் பார்ப்பது எச்சரிக்கை மட்டுமே, அதுவே முடிவாகாது.

தனி மனிதரின் பொறுப்போடு இது நின்றுவிடக் கூடாது. தினக்கூலிக்காரர் மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். ஆண்டுக்கு ஒரு காலைப் பொழுதைச் சம்பளத்துடன் விட்டுக்கொடுப்பது முதலாளிகளுக்குப் பெரிய நஷ்டமல்ல. பொங்கல் விழாவைச் சிறப்பாக நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், இந்தியோ மராத்தியோ அறியாத புதியவர்களைச் சோதனைக்கு அழைத்துச் செல்ல ஓரிரு தொண்டர்களை நியமிக்கலாம்.

மாதம் பிறந்தால் பணம் வரும் என்று ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அந்தப் பணத்தை அனுப்பும் கை நலமாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன், இந்த வாரமே ஒரு நாள் காலையில் பக்கத்து லாபுக்குப் போய்வருவது நல்லது.