மோர் மேல பழி போடாதீங்க, ஐஸ் பெட்டியைத் திறந்து பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

சித்ரா பௌர்ணமி அன்னிக்கு நம்ம கோயில் தண்ணீர்ப் பந்தல்ல நிறைய பேர் நீர்மோரை ஒரு வாய் குடிச்சிட்டு கப்பை ஓரமா வச்சிட்டுப் போனதை நாங்க பார்த்தோம். "மோர் கெட்டுப்போச்சு போல"ன்னு யாரோ சத்தமா சொன்னது, பல வருஷமா மோர் கலக்கிக் கொடுக்கிற அக்கா காதுல விழுந்துச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை அவங்க வரலை.

கெட்டது மோர் இல்லை. ஐஸ்.

தொழிற்சாலையில பொருள் பழுதா வந்தா, கடைசி மெஷின்ல இருந்து ஒவ்வொண்ணா பின்னாடி போய்ப் பார்ப்போம். இங்கேயும் அதைத்தான் செஞ்சோம். மூணு கப் எடுத்தோம். ஒண்ணுல பைப் தண்ணி, ஒண்ணுல ஐஸ் பெட்டி பில்டரைத் தாண்டி வர்ற தண்ணி, இன்னொண்ணுல ஐஸை உருக்கின தண்ணி. பைப் தண்ணியில லேசா குளோரின் வாடை, அது வழக்கமானதுதான். பில்டர் தண்ணியில ஈரத்துணி வாடை. ஐஸ் தண்ணியில? பெருங்காயம், வெங்காயம், மல்லிகைப்பூ எல்லாம் இருந்துச்சு.

பில்டரை 6 மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு அதோட புத்தகத்திலேயே போட்டிருக்கு. பெட்டி வந்து 3 வருஷம் ஆகுது, ஒரு தடவைகூட மாத்தலை. அது மட்டும் இல்லை. நம்ம பெட்டியில மேலேயும் கீழேயும் ஒரே காத்துதான் சுத்தி வருது. மூடாத சாம்பார் குண்டான், மறுநாள் சாத்துப்படிக்கு வச்ச மாலை, நறுக்கின வெங்காயம், எல்லாத்தோட வாடையும் ஐஸ்ல ஏறிடும். வாரக்கணக்கா கிடக்கிற பழைய ஐஸ்ல இன்னும் அதிகம். அதையெல்லாம் உள்ளே வச்சது யாரு? தொண்டு செய்யற நாங்கதான்.

வாடை போகட்டும்னு ஒருத்தர் உள்ளே கற்பூரம் வேற வச்சிருந்தார். நல்ல எண்ணந்தான், ஆனா தயவுசெஞ்சு வேண்டாம்.

இப்ப சிலர் இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு புதுசு வாங்கலாம்னு பேசறாங்க. உபயம் தரவும் ஆள் ரெடி. எங்களுக்கு இதுல சம்மதம் இல்லை. பெட்டி நல்லாத்தான் இருக்கு. பெரிய சாமான்னா பேர் எழுதி ஒட்டிக் கொடுக்க நாலு பேர் வர்றோம், பில்டருக்கு உபயம் எழுத ஒருத்தரும் வர்றதில்லை. புதுசு வாங்கினாலும் அதுவும் கொஞ்ச நாள்ல இதே கதிதான்.

ஞாயித்துக்கிழமை பெட்டியை நிறுத்தி, இருந்த ஐஸ் முழுக்கக் கொட்டினோம். ஐஸ் விழற தொட்டியைக் கழட்டி, குளிர் விட்டதும் வெதுவெதுப்பான தண்ணியில சோடா மாவு போட்டுக் கழுவினோம். குளிரோட இருக்கிறப்பவே கொதிதண்ணி ஊத்தினா பிளாஸ்டிக் வெடிச்சிடும், ஜாக்கிரதை. ஈரம் இல்லாம துடைச்சு மாட்டினோம். புது பில்டர் போட்டு சுமார் 10 லிட்டர் தண்ணியை வெளியே விட்டோம், முதல்ல கரித்தூளா வந்துச்சு. அதுக்கப்புறமும் முதல் மூணு தடவை விழுந்த ஐஸைக் கொட்டிட்டோம். வீணாச்சேன்னு ஒரு அம்மா வருத்தப்பட்டாங்க. பரவாயில்லை.

பந்தலுக்கு வீட்டுல இருந்து ஐஸ் கொண்டு வர்றவங்களுக்கும் இதே வேண்டுகோள். உங்க பெட்டியில டுரியானோ பெலாச்சானோ இருந்தா, இறுக்க மூடின டப்பாவுலதான் இருக்கணும். தட்டுல ஊத்தி வைக்கிற ஐஸா இருந்தா, தட்டையும் கழுவிட்டுப் புதுசா ஊத்தி வையுங்க. பைக்குள்ள போடறதுக்கு முன்னாடி ஒரு கட்டியை வாயில போட்டுப் பாருங்க. உங்களுக்கே பிடிக்கலைன்னா கொண்டு வராதீங்க.

இனிமே பூவுக்குத் தனியா மூடி போட்ட டப்பா. பில்டர் மாத்தின தேதியைப் பெட்டிக் கதவுலேயே எழுதி ஒட்டியிருக்கோம். அடுத்த பில்டரை யார் வாங்கித் தர்றீங்கன்னு கீழே சொல்லுங்க.

அக்கா, நீங்க இதைப் படிச்சா, தப்பு எங்க மேலதான். அன்னிக்கே உங்களுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கணும், பேசலை. மன்னிச்சிடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை சாயந்தரம் தயிர் வாங்கி வச்சிருப்போம். நீங்க வந்துதான் கலக்கணும்.