ஊசி போட்டாச்சு, இனி வேலை செய்!

எங்கள் திருவொற்றியூர் பக்கம், நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் கூடினால் பேச்சு குதிகால் வலிக்கு வந்துவிடுகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவது போல் வலி. நாலு நடை நடந்தால் குறையும். சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும். 'ஒரு ஊசி போட்டா பறந்து போயிடும்க்கா' என்று யாராவது சொல்ல, உடனே கிளம்பி விடுகின்றனர்.

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாங்க முடியாத வலிக்கு ஸ்டீராய்டு ஊசி கேட்கத்தான் செய்கிறது. எத்தனை நாளைக்கு? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, 2017ல் சொன்னது இதுதான்: ஒரு மாதம் வரை வலி சிறிதளவு குறையலாம், அதற்குமேல் பலன் இல்லை.

எங்கள் தெரு அக்கா ஒருவர், ஒரே குதிகாலில் ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை போட்டுக் கொண்டார். சர்க்கரை உள்ளவர். ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. அடிக்கடி போட்டால் பாதத்து அடியிலுள்ள நார் கிழியவும், குதிகாலில் மெத்தை போல இருக்கிற கொழுப்பு கரையவும் வாய்ப்புண்டு. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி., ஊசியும் வந்திருக்கிறது. செலவு ஜாஸ்தி, எல்லாருக்கும் கேட்கும் என்று உறுதியில்லை.

என் கோபம் ஊசி மேல் அல்ல. போட்டு வந்த மறுநாளே, 'அதான் சரியாயிடுச்சே!' என்கிற வீட்டார் மேல்தான். அந்த அக்கா, மறுநாள் விடிகாலையே குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நின்றார். வலி தெரியாத காலை இன்னும் ஓட்டினால் என்னாகும்?

பெரும்பாலோருக்கு ஊசி இல்லாமலே ஒரு வருஷத்துக்குள் குறைந்து விடும். படுக்கையை விட்டு இறங்குமுன், கால் விரல்களைக் கையால் பிடித்து நம் பக்கமாக இழுத்து, பத்து எண்ண வேண்டும். இப்படிப் பத்து தடவை. டைல்ஸ் தரையில் எம்.சி.ஆர்., செருப்பு போடலாம். வீட்டுக்கென்று தனி ஜோடி வைத்தால் மாமியார் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? பவுர்ணமிக்கு மேலூர், ஒற்றியூர், திருமுல்லைவாயில் என மூன்று அம்மனையும் ஒரே நாளில் வெறுங்காலோடு சுற்றுகிறவர்கள், வலி தணியும் வரை வடிவுடையம்மனோடு நிறுத்திக் கொள்ளலாம். மற்ற இருவரும் கோபிக்க மாட்டார்கள். சுட்ட செங்கல் மேல் எருக்கிலை போட்டு மிதிக்கிற வைத்தியம் மட்டும், கால் மரத்துப் போன சர்க்கரைக்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் வெந்து விடும்.

பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். எத்தனை நாள் ஓய்வு என்று டாக்டர் சொல்வதை, அவர் காதாலேயே கேட்கட்டும்.

— ஒரு வாசகி, திருவொற்றியூர்.